ஸ்டேட் ஆடியவள்

1

எங்கள் ஊர் மைதானத்தில் ஓர் ஆளை எடைபோட நான்கு சொற்கள் போதும். பூப்பந்து ஆட வருகிறவளைப் பற்றி யாராவது விசாரித்தால், "அது சும்மா கிரவுண்டு" என்பார்கள். உள்ளூர் மைதானத்தைத் தாண்டாதவள் என்று பொருள். அதற்கு மேலே "ஜோனல்". அதற்கும் மேலே "டிஸ்ட்ரிக்ட்". கடைசியாக, குரலைக் கொஞ்சம் இறக்கி, "அவ ஸ்டேட்டு" என்பார்கள். அதற்கு அப்புறம் பேச்சு கிடையாது. தமிழ்நாடு என்று முதுகில் எழுதிய சட்டையைப் போட்டவள் அவள். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் கண்டக்டரே இடம் பார்த்துக் கொடுப்பார்.

அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் விளக்கி விளக்கியே எனக்கு இருபது வருஷம் ஓடிவிட்டது. ஸ்டேட் பிளேயர் என்று சொன்னால், "எந்த ஸ்டேட்?" என்று கேட்பார்கள். பூப்பந்து என்றால் பேட்மிண்டன்தானே என்பார்கள். இல்லை, கம்பளி நூல் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் என்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர்கள் ஃபோனைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். மாநிலமே இல்லாத நாட்டில் மாநில அணியைப் பற்றிப் பேசுவது எனக்கே சில சமயம் கூச்சமாக இருக்கும்.

எல்லாத் தொழிலுக்கும் உச்சிப்படிக்கு ஒரு சொல் இருக்கிறது என்பது இங்கே வந்துதான் புரிந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் இடத்தில், எல்லாம் தெரிந்த மூத்த சீன ஆளை "சிஃபு" என்று கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் பக்கம் டீ குடிக்க வரும் கப்பல்பட்டறைப் பையன்கள், "அவன் சிக்ஸ் ஜிடா" என்று ஒருவனைக் காட்டிச் சொல்வார்கள். குழாயை எந்தக் கோணத்தில் வைத்தாலும் பற்றவைக்கிற ஆளாம். சொல்லும்போது அவர்கள் குரலும் கொஞ்சம் இறங்கும். அந்த சிக்ஸ் ஜி அண்ணன் நீலச் சட்டையோடு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். யாரும் இடம் பார்த்துக் கொடுக்க மாட்டார்கள்.

2

என் வீட்டுக்காரர் லிஃப்ட் டெக்னீசியன். குவீன்ஸ்டவுனில் எங்கள் புளோக்கில் லிஃப்ட் நின்றுபோனால், கம்பெனி ஆள் வருவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தார் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். தங்கமான மனுஷன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், யாரைப் பார்த்தாலும் என்னை அறிமுகப்படுத்திவிடுவார். "மை வைஃப். ஸ்டேட் பிளேயர்." பல் டாக்டரிடம் நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோதுகூட இதைச் சொன்னார்.

இந்த வருஷத் தொடக்கத்தில் மகளின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. பள்ளி நெட்பால் அணியில் இருக்கிறாள், வளையத்தில் பந்து போடுகிற கூடைப்பந்து மாதிரி ஓர் ஆட்டம். இந்த ஊரில் எதற்கும் படிவம் உண்டு, படிவத்தில் எதற்கும் கட்டம் உண்டு. பெற்றோர் ஏதாவது விளையாட்டு ஆடியிருந்தால் எட்டிய மிக உயர்ந்த நிலையைக் குறிக்க வேண்டுமாம். நான்கு கட்டங்கள்: பள்ளி, வட்டாரம், தேசியம், அனைத்துலகம்.

"ஸ்டேட் எங்க காணோம்?" என்றார் இவர்.

"விடுங்க. ஒண்ணும் போட வேணாம்."

"அதெப்படி? தமிழ்நாடு இந்த ஊரைவிட எவ்ளோ பெருசு! அங்க ஸ்டேட்டுன்னா இங்க நேஷனல்தான் செல்வி."

"கரெக்ட் லா, அப்பா," என்றாள் யாழினி, இந்த ஊர்க்காரர்கள் பேச்சின் கடைசியில் ஒட்டுகிற 'லா'வோடு, ஃபோனிலிருந்து தலையை எடுக்காமல். என்னுடைய பழைய ட்ராக்சூட் மேல்சட்டையை அவள் போட்டுக்கொண்டிருந்தாள். மெரூன் நிறம், முதுகில் வெள்ளை எழுத்தில் தமிழ்நாடு. இரண்டு வருஷமாக வீட்டில் அதுதான் அவளுக்கு உடை.

இவர் தேசியம் என்ற கட்டத்தில் டிக் போட்டார். கீழே கையெழுத்துப் போட்டது நான்தான். போடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். அந்த ஏனுக்குத்தான் நான் இருபது வருஷமாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

3

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் சிலருக்கு இது தெரிந்ததுதான். தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் மாநில அணியில் இருந்தது நிஜம். பத்துப் பேர் கொண்ட அணியில் பத்தாவது ஆள். ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள், ஐந்து பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். வெளியே இருந்த மற்ற நால்வரும் ஏதாவது ஓர் ஆட்டத்தில் உள்ளே போய்விட்டு வந்தார்கள். நான் போகவில்லை. இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து நாக்பூர் பக்கம் போனோம். நான்கு நாள், நான்கு ஆட்டம். ஒவ்வொரு நாள் காலையிலும் கோச் சார், "இன்னைக்கு உன்னை இறக்குறேன், ரெடியா இரு" என்பார். நான் ரெடியாக இருந்தேன். பைகளைப் பார்த்துக்கொண்டேன், தண்ணீர் பிடித்து வைத்தேன், கோட்டுக்கு வெளியே போன பந்தைப் பொறுக்கிக் கொடுத்தேன். நான்காவது ஆட்டத்தில் தோற்றுப்போய் மூட்டை கட்டினோம். மறுபடி இரண்டு ராத்திரி ரயில்.

சான்றிதழ் எல்லாருக்கும் ஒன்றுதான். எத்தனை நிமிஷம் ஆடினாள் என்று போட அதில் இடமில்லை. ஊரில் இறங்கியபோது பள்ளியிலிருந்து மாலை கொண்டுவந்திருந்தார்கள். ஆடினாயா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒரே ஓர் ஆள் கேட்டார். பெண் பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பிய இவர், முதல் தடவை ஃபோன் செய்தபோது, பேச வேறு எதுவும் கிடைக்காமல், "நீங்க எந்த பொசிஷன் ஆடுவீங்க?" என்றார். "சென்டர்" என்றேன். ஐந்து பேரில் நடுவில் நின்று மொத்தக் களத்தையும் ஓட்டுகிறவள் சென்டர். அந்தச் சொல் என் வாயிலிருந்து எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரியவில்லை. நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். மிச்சத்தை எல்லாம் மற்றவர்கள் சொன்னார்கள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பொய்யைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆட்களை விலக்க வேண்டியிருக்கிறது. பழைய அணிப் பெண்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். இரண்டு முறை அழைத்தார்கள், நான் சேரவில்லை. ஃபேரர் பார்க் கடைகளில் எங்கள் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தால் நான் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். ஒருமுறை பூக்கடையில் ஒரு பெண், "நீங்க எந்த ஊருக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள். பாளையம்பட்டிக்காரியாம், நம்ம ஊருக்கு வடக்கே எட்டிப் பிடிக்கிற தூரம். புதுசாக வந்திருக்கிறாள், கண்ணில் ஒரு தவிப்பு இருந்தது. நான் "மதுரை" என்று சொல்லிவிட்டுப் பூவைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். அன்றைக்கு ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும்போது அழுதேன். அவள் எனக்குத் தோழியாகியிருப்பாள். சொந்த ஊரின் பேரைக்கூடச் சொல்ல முடியாமல் ஒருத்தி வெளிநாட்டில் இருப்பதைவிடத் தனிமை என்ன இருக்கிறது?

4

நெட்பாலில் ஏழு பேர், ஏழு இடம். யார் எந்த இடம் என்று மார்பில் எழுத்து குத்திய துணியைக் கட்டிக்கொள்வார்கள். களம் முழுக்க ஓடுகிறவளுக்கு சி, அதாவது சென்டர். யாழினி எங்கள் இரண்டு பேரையும்விட உயரம். வளையத்துக்குக் கீழே நின்று தடுக்கிற கீப்பராக நில் என்று கோச் முதல் வருஷமே கேட்டிருக்கிறார். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். "அம்மா சென்டர். நானும் சென்டர்."  அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அணியில் இவளைவிட வேகமான சென்டர் ஒருத்தி, அமீரா என்று பெயர், ஏற்கெனவே இருந்தாள். அதனால் இவள் மாற்று ஆள்.

படிவம் போய் இரண்டு வாரத்தில் அணிப் பொறுப்பாசிரியர் மிஸ் கோவிடமிருந்து ஃபோன் வந்தது. அணி நேஷனல்ஸுக்கு, அதாவது தேசியப் பள்ளிப் போட்டிக்குப் போகிறதாம். தேசிய அளவில் ஆடிய அம்மா ஒருவர் இருக்கிறாராமே, பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் பேச முடியுமா என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் இவர் பக்கத்திலிருந்து, "முடியும், முடியும்" என்று தலையை ஆட்டினார்.

மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவள் நான். தினமும் முப்பது பிள்ளைகளை உட்காரவைத்து வீட்டுப்பாடம் செய்ய வைக்கிறேன். பிள்ளைகள் முன்னால் நிற்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்று பள்ளி மண்டபத்தில் பன்னிரண்டு பெண்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோது, என் ஆங்கிலம் மொத்தமும் எங்கோ போய்விட்டது. உழைப்பு, ஒழுக்கம், குழு என்று காலண்டரில் போடுகிற மாதிரி நாலு வார்த்தை சொன்னேன். கடைசி வரிசையில் யாழினி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமீராதான் கை தூக்கினாள். ஆட்டத்துக்கு முன்னால் எப்படி வார்ம் அப் செய்வீர்கள் என்று கேட்டாள்.

அதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். நான்கு நாள் வார்ம் அப் மட்டுமே செய்தவள் நான். கணுக்காலைச் சுற்றுவதிலிருந்து ஆரம்பித்தேன். உடம்பு சூடாகி, ஆறாமல் அப்படியே வைத்திருப்பது எப்படி, கூப்பிட்டால் அந்த நொடியே எழுந்து ஓடுகிற மாதிரி உட்கார்வது எப்படி, எல்லாம் செய்து காட்டினேன். பிள்ளைகள் எழுந்து நின்று என்னோடு செய்தார்கள். மிஸ் கோ கைதட்டினார். "சிஃபு!" என்று ஒருத்தி கத்தினாள். யாழினி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பெருமை. வாங்கிக்கொள்ள முடியாமல் நான் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

5

எங்கள் காலத்தில் அகில இந்தியப் போட்டி என்றால் கட்டுச்சோறு, ஊறுகாய், போர்வை, இரண்டு ராத்திரி. இங்கே நேஷனல்ஸுக்குக் குவீன்ஸ்டவுனில் எம்ஆர்டி ரயில் ஏறினால் எட்டாவது நிறுத்தம் பூன் லே. வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் விளையாட்டரங்கம். ஏசி வேறு. எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகளின் முகங்களைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நாக்பூரில் எங்கள் பெண்களுக்கு இருந்த அதே வெளிறிய முகங்கள்.

யாழினி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் காட்டிக்கொடுத்த மாதிரியே, முதுகு நிமிர்ந்து, ஒரு கால் முன்னால். முதல் கால் பகுதி, இரண்டாவது, மூன்றாவது. அவள் கால் அப்படியே இருந்தது. எதிரணி பதினைந்து புள்ளிக்கு மேல் முன்னால் போய்விட்டது. இனி யார் ஆடினாலும் ஒன்றுதான் என்றானபோது, கடைசி நான்கு நிமிஷத்துக்கு இவளை இறக்கினார்கள். இரண்டு பந்தை நன்றாகப் பிடித்தாள். மூன்றாவதைக் கோட்டுக்கு வெளியே எறிந்தாள். விசில். முடிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அவள் குரல் கேட்கவில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு சாப்பிட்டாள். பயிற்சிக்குப் போகவில்லை. மெரூன் சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டவள், துவைத்து மடித்து வைத்த பிறகும் எடுக்கவில்லை. இரண்டாவது வாரம் நான் தாங்கமாட்டாமல், "அடுத்த வருஷம் இருக்குல்ல கண்ணு" என்றேன்.

"யூ வோன்ட் அண்டர்ஸ்டாண்ட் லா, அம்மா. நீங்க ஸ்டேட். பெஞ்ச்ல உக்கார்றது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது."

கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். பெஞ்சைப் பற்றி இந்தத் தீவில் என்னைவிடத் தெரிந்தவள் யாரும் இருக்க முடியாது. ஆனாலும் அந்தக் கதவைத் தட்ட எனக்கு உரிமை இல்லை.

6

ஞாயிறு மதியம், எங்கோ நின்றுபோன லிஃப்டைப் பார்க்க இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். யாழினி தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்ட மூங்கில் கழியை உள்ளே இழுத்துத் துணியை உருவிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"யாழினி, நான் ஆடல."

"என்ன ஆடல?"

"ஸ்டேட்ல. டீம்ல இருந்தேன். உள்ள இறக்கவே இல்ல. நாலு மேட்ச்சும் பெஞ்ச்தான்."

அவள் டம்ளரை வைத்தாள். "பட் யூ ஆர் சென்டர்."

"சென்டர் இல்ல. எதுவும் இல்ல. தண்ணி பிடிச்சேன்."

 அப்புறம் அவள் பேசினாள், மெதுவாகத்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் அறைந்த மாதிரி இருந்தது.

"கோச் என்னை கீப்பர் ஆடச் சொன்னாங்க. கீப்பர்னா ஃபர்ஸ்ட் செவன்ல இருந்திருப்பேன். ஃபுல் கேம். உங்களுக்காகத்தான் வேணாம்னு சொன்னேன். த்ரீ இயர்ஸ், அம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

"ஆமா."

 அவள் அறைக்குள் போனாள். இந்தத் தடவை கதவை அறையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் சோபாவில் உட்கார்ந்து, மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்தேன். இந்த ஊரில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெயர். அதையும் என் பிள்ளை முன்னால் கழற்றி வைத்தாகிவிட்டது. இனி நான் யார் என்று அவள்தான் சொல்லவேண்டும்.

வெயில் தாழ்ந்த பிறகு கதவு திறந்தது.

"ஜீரோ மினிட்ஸா?"

"ஜீரோ."

"பந்தைத் தொடவே இல்லையா?"

"தொட்டேன். வெளிய போனதைப் பொறுக்கிக் குடுக்க."

அவள் உதட்டைக் கடித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "நான் ஃபோர் மினிட்ஸ்," என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லப்போறீங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்று தலையை ஆட்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள். மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை.

7

போன வாரம் மூன்று பேரும் ஃபேரர் பார்க்குக்கு மளிகை வாங்கப் புறப்பட்டோம். யாழினி எங்களோடு வந்தது வெகுநாளைக்குப் பிறகு. அன்று காற்றில் கொஞ்சம் குளிர்ச்சி. அவள் மெரூன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். அவள் மறுபடி பயிற்சிக்குப் போகிறாள் என்பதையும் இவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டாவது மாடியில் புதிதாகக் குடிவந்த ஒரு பஞ்சாபிப் பெரியவர் லிஃப்டில் ஏறினார். யாழினியின் முதுகில் இருந்த எழுத்தைக் காட்டி, இது என்ன மொழி என்று கேட்டார். இவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"தமிழ்! மை வைஃப்ஸ் ஜாக்கெட். ஷி இஸ் ஸ்டேட் பிளேயர். சென்டர்!"

பெரியவர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் யாழினியைப் பார்த்தேன். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லட்டும் என்றுகூட இருந்தது.

அவள் லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு. ஆறு. அவளுடைய வலது கை மட்டும் தொடைப் பக்கம் தாழ்வாக, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, மெல்லத் திரும்பியது. கட்டைவிரலை மடக்கி நான்கு விரல்களை நீட்டிக் காட்டினாள்.

நான் என் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை விரல்களைக் குவித்து ஒரு பூஜ்யம் காட்டினேன்.